ஏழைப் பெண் – 1

போன மாதம் சென்னையிலிருந்து நிவேதா என்றொரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தைப் பற்றிப் புதிதாக ஒரு தொடர் எடுக்கிறார்களாம், அதற்கு அவள்தான் உடை வடிவமைப்பாளர். எங்கள் காலத்தில் இதே வேலைக்குக் காஸ்ட்யூமர் என்று பெயர். நான் முப்பத்தைந்து வருடம் சினிமாவில் காஸ்ட்யூமராக இருந்தவன் என்று யாரோ சொல்லி, என் எண்ணையும் கொடுத்திருக்கிறார்கள்.

"சார், புது யூனிபார்மைப் பழசாக்க டீத்தூள் போடுவீங்களாமே. ஒரு செட்டுக்கு எத்தனை ஸ்பூன் சார்?"

"யாருக்கும்மா போடப் போறீங்க?"

"ஏழைப் பொண்ணு சார். கடைசி பெஞ்ச்."

இரண்டு நாளில் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலு கரண்டி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் அந்த நாலு கரண்டிக்குப் பின்னால் என் வாழ்நாளில் நான் செய்த பெரிய தப்பு ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டு அளவை மட்டும் சொல்ல மனம் ஒப்பவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பெயர் ஞானப்பிரகாசம். அப்பா தையல்காரர். மாதா கோயிலில் பிள்ளைகளுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுக்கும் மாதத்தில் மட்டும் எங்கள் வீட்டில் வெள்ளைத் துணி மலை மாதிரி குவிந்திருக்கும், மற்ற மாதங்களில் பொத்தான் வைப்பதும் பட்டி அடிப்பதும்தான் பிழைப்பு. பத்தொன்பது வயதில் சென்னைக்குப் போனேன். சினிமாவுக்குத் துணி வாடகைக்குக் கொடுக்கும் கடையில் மூன்று வருடம் இஸ்திரி போட்டேன். பிறகு சங்கத்தில் அட்டை வாங்கி, உதவியாளனாகப் பதினாலு வருடம் ராஜா, திருடன், போலீஸ், பிணம் என்று எல்லோருக்கும் துணி மாட்டினேன். பிணத்துக்குத் துணி மாட்டுவதுதான் இருப்பதிலேயே சுலபம். இறுக்குகிறது என்று சொல்லாது.

எங்கள் தொழிலில் எல்லாமே சீட்டில்தான் ஓடும். ஒவ்வொரு உடுப்பின் உள்பக்கமும் விரல் நீளத்தில் ஒரு வெள்ளைத் துணிப்பட்டையைத் தைத்து, அழியாத மையால் எழுதுவோம். நடிகரின் பெயரை எழுத மாட்டோம், பாத்திரத்தை எழுதுவோம். 'கதாநாயகன் – 1' என்றால் அவருடைய முதல் செட். கூட்டத்தில் நிற்கிறவர்களுக்கு வெறும் 'மாணவி – 14', 'மாணவன் – 9'. மாலையில் எல்லா உடுப்பையும் கழற்றி வாங்கி, துவைத்து, இஸ்திரி போட்டு, மறுநாள் காலை சீட்டைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்போம். ஒரு பொத்தான் நேற்று திறந்திருந்தால் இன்றும் திறந்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பேன்.

தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு கேபிள் டிவி வந்தது. அதற்குப் பிறகு திடீரென்று எல்லோரும் பள்ளிக்கூடப் படம் எடுக்க ஆரம்பித்தார்கள். பிளஸ் டூ மாணவனாக நடித்த ஒரு கதாநாயகனுக்கு நிஜத்தில் இரண்டு குழந்தைகள். காலையில் ஒரு முறையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு முறையும் சவரம் செய்துகொண்டு வந்து 'பிரசன்ட் சார்' சொல்வார். இப்படிப்பட்ட படங்களில் வகுப்பு முழுவதையும் ஆறேழு அச்சில் வார்த்துவிடுவார்கள். படிப்பாளி என்றால் மூக்குக்கண்ணாடி, கழுத்து வரை பொத்தான். போக்கிரி என்றால் மேல் பொத்தான் இரண்டும் திறந்து, கை மடித்துவிட்டிருக்கும். குண்டுப் பையனுக்கு ஒரு அளவு சின்னச் சட்டை. பணக்காரிக்கு வெளிநாட்டுக் கைக்கடிகாரம். ஏழைப் பெண்ணுக்குக் கிழிசல், ஊக்கு, எண்ணெய் வழியும் தலை. நாற்பது பேரை நிற்க வைத்து அரை மணி நேரத்தில் நாற்பது குணம் மாட்டிவிடுவேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் முதல் தடவையாக ஒரு படத்துக்கு முழுப் பொறுப்பாளனாக என்னைப் போட்டார்கள். திரையில் 'உடைகள்' என்று என் பெயர் தனியாக வரும் என்று இயக்குநரே சொன்னார். படப்பிடிப்பும் எங்கள் பக்கத்திலேயே அமைந்தது. நீடாமங்கலத்தை ஒட்டி, ஓட்டுக் கூரை போட்ட ஒரு பழைய பள்ளிக்கூடம். அரைப் பரீட்சை லீவில் பத்து நாள் கொடுத்திருந்தார்கள். சம்பா கதிர் வாங்குகிற நேரம், ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை.

இயக்குநர் சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர், என்னைவிட எட்டு வயது சின்னவர். அவர் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. எந்நேரமும் ஒரு பொட்டலம் வேர்க்கடலை வைத்திருப்பார். ஒவ்வொன்றாக உரித்து, தோலை மறுபடியும் அதே பொட்டலத்திலேயே போடுவார். நாம் காட்டுவது பிடித்துவிட்டால் "ம்" என்பார், அவ்வளவுதான். பிடிக்கவில்லை என்றால் "நல்லா இருக்குண்ணே" என்பார். அதற்கு அர்த்தம், எடுத்துக்கொண்டு போய் மாற்றிக்கொண்டு வா என்பது. புதிதாக வந்த உதவியாளர்கள் அதைப் பாராட்டு என்று நம்பி, சிரித்துக்கொண்டே அங்கேயே நின்று மாட்டிக்கொள்வார்கள். அவருடைய அறைச் சுவரில் ஒரு பெரிய சார்ட் தொங்கும். அதில் வகுப்பறையின் பெஞ்சுகளை வரைந்து, எந்த இடத்தில் எந்த அச்சு உட்கார வேண்டும் என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார். கடைசி பெஞ்சில் ஜன்னலோரம், 'ஏழைப் பெண்'.

அந்த வேடத்துக்குச் சென்னையிலிருந்து வரவேண்டிய பெண்ணுக்கு மஞ்சள் காமாலை. நாலாம் நாள், கூட்டத்துக்கு உட்கார்ந்திருந்த நிஜ மாணவிகளில் ஒருத்தியை இயக்குநர் காட்டினார். "அந்தப் பொண்ணு கண்ணு நல்லா இருக்கு. கேட்டுப் பாருங்க."

அவள் பெயர் மலர்க்கொடி, பிளஸ் டூ. அம்மா காளியம்மாள் நாற்று நடவும் களை எடுக்கவும் போகிறவர். அந்த வருடம்தான் முக்கால் ஏக்கர்கூட வராத இரண்டு மா நிலம் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. தலைமையாசிரியர் அம்மாவைக் கூப்பிட்டு, "ஒரு மாணவியா நடிக்கணும், ரெண்டு சீன்" என்றார். அம்மா தலையாட்டினார். என்ன மாணவி என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அன்றைக்கு எடுத்தது ஆண்டு விழாக் காட்சி. பிள்ளைகள் எல்லோரும் கலர் உடுப்பில் இருந்தார்கள், அவர்கள் வீட்டிலிருந்து போட்டு வந்த சொந்த யூனிபார்ம் சீட்டோடு என் பெட்டியில் இருந்தது. சென்னைப் பெண்ணுக்காக நான் பழசாக்கி வைத்திருந்த செட் மலர்க்கொடிக்கு ஒரு சாண் குட்டை. புதுத் துணியை எடுத்துத் தைத்தால் கஞ்சி விட்டுப் போகவே மூன்று நாள் பிடிக்கும். பெட்டியைத் திறந்தேன். மலர்க்கொடியின் 'மாணவி – 14' மேலேயே இருந்தது. நீலப் பாவாடை, நீலத் தாவணி, வெள்ளைச் சட்டை. பல தடவை துவைத்துத் துணி பதமாக இருந்தது. பாவாடையின் மடிப்புகள் கத்தி மாதிரி நின்றாலும் அடியில் ஒவ்வொன்றும் லேசாக வளைந்திருந்தன. அதையும் பார்த்தேன், பார்த்தும் மனதில் வாங்கவில்லை.

இதையே பழசாக்கிவிடலாம், படம் முடிந்ததும் கம்பெனி புதிது வாங்கிக் கொடுத்துவிடும் என்று நினைத்தேன். எங்கள் தொழிலில் இது சகஜம். கேட்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மதியம் முழுக்க அந்த வேலையாக இருந்தேன். சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தேன். டீத்தூள் நாலு கரண்டி மூட்டை கட்டி, ஒரு கை உப்போடு வேகவிட்டு, சட்டையை முதலில் முழுதாகவும் பிறகு கழுத்தையும் கையிடுக்கையும் மட்டும் இன்னொரு முறையும் முக்கினேன். ஈரம் பாதி போனதும் காலர் ஓரத்தையும் பாவாடையின் முன்பக்கத்தையும் உப்புத்தாளால் தேய்த்தேன். தாவணி முனையைச் செங்கல்லில் உரசி நூல் பிரித்தேன். தோளில் இரண்டு விரல் நீளம் கிழித்து, வேண்டுமென்றே கறுப்பு நூலால் கோணலாகத் தைத்தேன். கொக்கி ஒன்றைப் பிடுங்கிவிட்டு ஊக்கு குத்தினேன். கடைசியாகப் பழைய சீட்டைப் பிரித்துப் புதுச் சீட்டை வைத்தேன், 'ஏழைப் பெண் – 1'. இயக்குநரிடம் காட்டியபோது அவர் கடலை உரிப்பதையே நிறுத்திவிட்டு "ம்" என்றார். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை மலர்க்கொடி வந்தாள். நான் அதை நீட்டினேன். அவள் என் கைக்குப் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அண்ணா, என்னோட யூனிபார்மைக் குடுங்க."

"இதாம்மா அது. உனக்காக ரெடி பண்ணியிருக்கேன்."

"இது என்னோடது இல்லைங்கண்ணா."

சொல்லிக்கொண்டே பாவாடையின் அடிமடிப்பைத் திருப்பினாள். உப்புத்தாள் போகாத அந்த உள்மடிப்பில் பச்சை நூலில் ஒரு சின்னப் பூ இருந்தது. வண்ணானிடம் போடாவிட்டாலும், கொடியில் காயும்போது மாறிவிடக் கூடாது என்று அம்மா போட்ட அடையாளம் என்று பிறகு சொன்னாள். அந்தப் பூவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சீட்டைப் படித்தாள்.

"ஏழைப் பெண்ணுன்னு போட்டிருக்கு. யாருண்ணா?"

"அது பாத்திரம்மா. படத்துல வர்ற பொண்ணு."

"எங்க கிளாஸ்ல எங்களைவிட இல்லாதவங்க நாலு பேரு இருக்காங்கண்ணா. ஒருத்தரும் இப்படி வர மாட்டாங்க. இப்படி வர்றது ரவிச்சந்திரன்தான். அவங்க அப்பா சிங்கப்பூர்ல இருக்காங்க, அவன்கிட்ட ஆறு செட்டு இருக்கு. கிழிஞ்சாலும் அவனுக்குத் தெரியாது." சொல்லிவிட்டுக் கேட்டாள், "அண்ணா எந்த ஊருங்க?"

"இங்கதாம்மா. பக்கத்துலதான்."

"அப்படிங்களா."

அந்த ஒரு வார்த்தைக்கு நான் கூசிப்போனேன். என் அம்மாவும் பித்தளைச் சொம்பில் கொட்டாங்குச்சித் தணலை அள்ளிப் போட்டுத்தான் என் சட்டைக்கு இஸ்திரி போட்டார். சொம்பின் வயிறு உருண்டையாக இருப்பதால் மடிப்பின் அடி வளைந்துதான் விழும். அந்த வளைவைப் பார்த்தவுடனேயே, இந்த வீட்டில் இஸ்திரிப் பெட்டி கிடையாது, ஆனால் தினமும் இஸ்திரி உண்டு என்று எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சினிமா ஏழைகளுக்குத் துணி மாட்டி மாட்டி, நான் எப்படிப் பள்ளிக்கூடம் போனேன் என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது.

அவள் அழவில்லை. கலர் உடுப்போடு போய் சைக்கிள் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டாள். பத்து மணிக்கு அம்மா வந்தார். யாரையும் ஏசவில்லை. அந்தச் சட்டையைக் கையில் வாங்கி, முகர்ந்து பார்த்தார்.

"டீத்தண்ணிங்களா?"

"ஆமாம்மா."

"வீட்ல ஒலை வைக்காத நாள் இருந்திருக்குங்க. இது கசங்குன துணியோட பள்ளிக்கூடம் போன நாள் கெடையாது. நாங்க பண்ணையில நின்ன காலத்துல எங்க உடுப்பப் பாத்துதான் எங்கள எங்க நிறுத்துறதுன்னு முடிவு பண்ணுவாங்க. அதுக்குத்தாங்க இந்தச் சட்டைய இவ்ளோ வெள்ளையா வச்சிருந்தது. படம் ஊரெல்லாம் ஓடும். எம்பொண்ணு இப்படித்தான் பள்ளிக்கூடம் போனான்னு நாளைக்கு நாலு பேரு சொல்லக் கூடாதுங்க. அவ நடிக்கலன்னாலும் பரவால்ல. அவ துணிய எனக்குப் பழையபடி குடுத்துருங்க."

டீக்கறையை எடுக்க முடியாது. அப்படி எடுக்க முடியாதபடி போடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இயக்குநரிடம் போனேன். கேமரா வைத்து, விளக்குப் போட்டு, எல்லோரும் காத்திருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன்.

"கதையில அவ ஏழைண்ணே," என்றார். "சுத்தமா வந்து உக்காந்தா, ஏழைன்னு பாக்குறவனுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊர்ல சுத்தமா வர்றதுதான் சார் அடையாளம். கேட்டுப் பாருங்க, கிழிசலோட வர்ற பையன் வீட்லதான் டேப் ரிக்கார்டர் இருக்கு."

ஒரு கடலையை உரித்தார். தோலைப் பொட்டலத்தில் போட்டார். "நல்லா இருக்குண்ணே."

மாற்றிக்கொண்டு வா என்று அர்த்தம். பதினாலு வருடத்தில் நான் யாரிடமும் மறுத்துப் பேசியதில்லை. என் பெயர் திரையில் தனியாக வரப்போவது அந்த நொடியில் எனக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது.

"இல்ல சார், நல்லா இல்ல. அந்தப் பொண்ணு மேல என் கையால கிழிசல் போட மாட்டேன். வேற யாரையாவது கொண்டு வாங்க, போடுறேன். அவளுக்கு நான் துணி கடன்பட்டிருக்கேன், இன்னிக்கே தச்சுக் குடுக்கணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, திருச்சியிலிருந்து ஒரு துணை நடிகையை வரவழைக்கச் சொன்னார். அரை நாள் வேலை வீண்.

துணி வாங்கக் கம்பெனி வண்டியில் நீடாமங்கலத்துக்கு ஓடினேன். திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக்கொண்டது. எங்கள் ஊர் கேட் மூடினால் எப்போது திறக்கும் என்று ரயிலுக்கே தெரியாது. வண்டியிலேயே உட்கார்ந்து, மடியில் வைத்துத் துணியை வெட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு வந்து, மிஷினை வேப்பமரத்தடியில் போட்டுத் தைத்தேன். மூன்று மணிக்குத் தைத்து முடித்தேன். இஸ்திரி போடலாம் என்றால் கரண்ட் இல்லை.

அதுவரை மரத்தடியில் உட்கார்ந்திருந்த காளியம்மாள் எழுந்துபோய், சமையல் ஆட்களிடம் ஒரு சொம்பும் இடுக்கியும் வாங்கி வந்தார். கொட்டாங்குச்சித் தணலைப் போட்டு, துணியால் சொம்பின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மடிப்பாக அழுத்தினார். அடி வளைந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து நான் சீட்டை எழுத மைப்பேனாவை எடுத்தேன். மலர்க்கொடி கேட்டாள்.

"இதுல என்னண்ணா எழுதுவீங்க?"

"உன் பேரத்தான்."

'மலர்க்கொடி' என்று மட்டும் எழுதினேன். எண் போடவில்லை. என் தொழிலில் நடிக்கிறவர் பெயரை எழுதித் தைத்த சீட்டு அது ஒன்றுதான்.

புது யூனிபார்மில் அவள் மைதானத்தைக் கடந்து போகும்போது இயக்குநர் நிமிர்ந்து பார்த்தார். கடலைப் பொட்டலத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ம்" என்றார். மறுநாள் அவளை முன் பெஞ்சில் உட்கார வைத்தார், வாத்தியார் கேட்கும் கேள்விக்கு எழுந்து பதில் சொல்லும் மாணவியாக. திருச்சியிலிருந்து வந்த பெண் அந்த டீக்கறை உடுப்பைப் போட்டுக்கொண்டு கடைசி பெஞ்சில் அழுதாள். சார்ட் சார்ட்டாகவே இருந்தது, ஒரு பெஞ்சு மட்டும் மாறியது.

படம் வந்தது. 'உடைகள்' என்ற இடத்தில் வேறொருவர் பெயர் இருந்தது. என் பெயர், லாரி டிரைவர்களுக்கும் சமையல்காரர்களுக்கும் நடுவில் ஓடியது. வருத்தம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது காளியம்மாளைக் கடைத்தெருவில் பார்த்தேன். "ரெண்டு தடவ பாத்தேங்க. மூச்சு விடுற நேரந்தான் வர்றா. மடிப்பு நல்லாத் தெரியுது," என்றார். அதோடு என் வருத்தம் போய்விட்டது.

அந்தப் பழைய உடுப்பை அவர்கள் திருப்பி வாங்கவில்லை. அது வாடகைக் கடைக்குப் போயிற்று. அவ்வளவு நேர்த்தியான கிழிசல் லேசில் கிடைக்காது என்பதால் படத்துக்குப் படம் அதையே எடுத்தார்கள். தியேட்டரில் உட்கார்ந்திருக்கும்போது எவளோ ஒரு கதாநாயகி அதைப் போட்டுக்கொண்டு வருவாள். தோளில் என் கறுப்பு நூல் தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் 'ஐயோ பாவம்' என்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே சுத்தமான யூனிபார்ம் அதுதான் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஓய்வு பெற்று ஊரோடு வந்த பிறகு, பட்டுக்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் இருமலுக்கு மருந்து வாங்கப் போனேன். கல்லாவில் இருந்த அம்மாள் என்னையே பார்த்தார். "பிரகாசம் அண்ணாதானே?" என்றார். மலர்க்கொடி. மருந்தாளுநர் படிப்புப் படித்து, சொந்தமாகக் கடை வைத்திருக்கிறாள். மேலே போட்டிருந்த வெள்ளைக் கோட்டு கண்ணைப் பறித்தது. அவளுடைய பழைய யூனிபார்ம் எனக்குத் தெரிந்து பதினோரு படத்தில் நடித்துவிட்டது என்று சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னைவிட அது நல்லா நடிச்சிருக்குண்ணா. நீங்க தச்சது வீட்ல இருக்கு. பப்ளிக் பரீட்சை எல்லாம் அதப் போட்டுத்தான் எழுதுனேன். என் பொண்ணு எடுத்துப் பாத்துட்டு, யாரும்மா உள்ள உம் பேர எழுதுனதுன்னு கேட்டா."

"என்ன சொன்னே?"

"தப்பு பண்ணவர்தான் எழுதுனாருன்னு சொன்னேன்."

அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். இருமல் மருந்துக்குப் பணம் வாங்க மாட்டேன் என்றாள்.

போன மாதம் நிவேதாவிடம் சொன்னபடியே, அவள் பேசி இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டேன்.

"எத்தனை ஸ்பூன் சார்?"

"சொல்றேம்மா. அந்தப் பொண்ணு பேரு என்ன?"

"எந்தப் பொண்ணு சார்?"

"நீங்க டீயில முக்கப் போற பொண்ணு."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஸ்கிரிப்ட்ல பேரு இல்ல சார். ஏழைப் பொண்ணுன்னுதான் போட்டிருக்காங்க."

"பேர் வச்சுட்டுக் கூப்பிடும்மா. அவங்க வீட்ல யாரு இஸ்திரி போடுறாங்கன்னும் கேட்டுட்டு வா."

கோபித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். சாயங்காலம் கூப்பிட்டாள். இயக்குநரும் எழுதியவரும் அவளுமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினார்களாம்.

"பூங்குழலி சார். அவளே இஸ்திரி போட்டுக்குறா."

"அப்ப டீத்தூள் வேணாம்மா," என்றேன்.